மூக்குன்னிமலையும் அதைச் சூழ்ந்த ஊர்களும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையுடன் இணையாமல் தனித்து நிற்பது மூக்குன்னிமலை. தென்னையும் மரவள்ளியும் ரப்பரும் விளையும் இடைநிலத்தில் எழுந்து நிற்பதால், நெடுந்தொலைவிலிருந்தே அது புலப்படுகிறது. பள்ளிச்சல், விளவூர்க்கல், மலையின்கீழ் ஆகிய ஊராட்சிகள் அதைச் சூழ்ந்துள்ளன. தலைநகரிலிருந்து காட்டாக்கடைக்குச் செல்லும் சாலை மலையின்கீழ் வழியே செல்கிறது. இவ்வூர்ப் பெயரின் பொருள் தமிழருக்கு விளக்கமின்றியே புரியும். நிரணம் கவிஞருள் ஒருவரான மாதவப் பணிக்கர் கீதையை மலையாளத்தில் ஆக்கியது இங்கேதான் என்பர்.

இப்பகுதியின் குன்றுகள் கோண்டலைட், சார்னோகைட் என்னும் தொன்மையான பாறைகளால் ஆனவை. சென்னையை அடுத்த பரங்கிமலையும் சார்னோகைட் பாறையே. இப்பாறை நீரை உறிஞ்சாது. அதன் வெடிப்புகளும், மேலே போர்த்திய மண்ணும் செம்புரைப் படிவமுமே மழைநீரைத் தாங்கி, சிறிது சிறிதாகக் கீழே விடுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இந்நிலத்தில் கோடையிலும் கிணறுகள் ஊறுவது இதனால்தான். மேல்மண்ணை அகற்றிப் பாறையை வெட்டினால், தங்கிச் செல்ல வேண்டிய நீர் ஓரிரு நாளில் ஓடையாக ஓடிவிடும். அடிவாரக் கிணற்றை விட ஆழமாகத் தோண்டப்படும் குழியோ, அக்கிணற்றின் நீரையே தன்பால் ஈர்க்கக்கூடும்.

ரப்பர் பயிரிட ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் அரசு நிலத்திலும் கல் வெட்டப்படுகிறது என்னும் புகார் இம்மலையைப் பற்றி எழுந்தது. 2010-களின் நடுவில் கேரள ஊழல் தடுப்புத் துறை அதனை விசாரித்தது. வீட்டுக்கும் குவாரிக்கும் இடையே விடவேண்டிய தொலைவை மாநில அரசு 2017-இல் 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. வெடிவைக்கும் குவாரிகளுக்கு அது 200 மீட்டர் இருக்கவேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் ஆணையிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அடிவாரத்தில் வீடுகள் நெருங்கியுள்ள கேரளத்தில் இந்த எண் வெறும் அலுவலகக் கணக்கன்று. சுவர் விரிசல் விடுமா என்பதே அதனுள் அடங்கியுள்ளது.

கல்லின் தேவையும் பொய்யன்று. 2015-இல் பணி தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், பாறைத் தட்டுப்பாட்டால் தாமதமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் கல் கொண்டுவரப்பட்டது. அதாவது, ஒரு குன்றுக்கு விதிக்கப்படும் தடை எல்லைக்கு அப்பாலுள்ள வேறொரு குன்றின் மீது சுமையாக விழுகிறது. குத்தகைக்கு விடுமுன், அடிவாரக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து பதிவு செய்துவைத்தால், பின்னர் எழும் புகாரைச் சோதிக்க ஓர் அடிப்படை கிடைக்கும்.