கல்லூரி இணையத்தளமும் பார்வையற்ற மாணவரும்

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புறநகர் இரயில் தடத்தில் டாக்குரியாவும், அதனை அடுத்து ஜாதவ்பூரும், இன்னும் சற்றுத் தெற்கே நரேந்திரபூரும் அமைந்துள்ளன. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நரேந்திரபூரில் இராமகிருஷ்ண மிஷனின் பார்வையற்ற சிறுவர் கல்விநிலையம் 1957இல் தோன்றியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1897ஆம் ஆண்டில், லால் பிஹாரி ஷா என்பவர் கல்கத்தா பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கி, வங்க மொழிக்கேற்ற பிரெயில் எழுத்துமுறை ஒன்றையும் வகுத்தார். எனவே, கண்ணால் படிக்க இயலாதவருக்கு எழுத்தை எட்டச் செய்யும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று. எழுத்து இருக்கும் இடமே மாறிவிட்டது.

முன்னாட்களில் கல்லூரி அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்டது. அதனை உடன் பயிலும் தோழர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். இப்பொழுது சேர்க்கை விதி, கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாள், தேர்வுக் கால அட்டவணை ஆகிய யாவும் இணையத்தளத்தில் வெளியாகின்றன. மேற்கு வங்க அரசு 2024ஆம் ஆண்டில் இளநிலைப் படிப்புகளுக்கு இணையவழிப் பொதுச் சேர்க்கை முறையைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குறைபாடுடையோருக்கு நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். டாக்குரியாவில் வாழும் பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கு அத்தகைய இடம் ஒன்று காத்திருப்பதாகக் கருதுக. சான்றிதழ் கொண்டுவர வேண்டிய நாளை அவருடைய கணிப்பொறி படித்துச் சொல்லாவிடின், அந்த இடம் அவருக்கு இல்லை.

கணிப்பொறி எவ்வாறு படித்துச் சொல்கிறது என்பதை அறிந்தாலன்றி, எங்கே தவறு நேர்கிறது என்பது விளங்காது. திரைபடிப்பான் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டில் பார்வையற்ற ஒருவரால் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழிலும் வங்கத்திலும் அது பேசும். இது திரையில் தெரியும் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் பின்னால் குறியீட்டு மொழியில் எழுதிய மூலம் ஒன்று உண்டு. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது நிரப்ப வேண்டிய கட்டம் என்று அம்மூலம் கூறுகிறது. இரயில் நிலையத்தில் ஒளிரும் பலகையும் ஒலிபெருக்கி அறிவிப்பும் ஒரே கால அட்டவணையிலிருந்து பிறப்பதைப் போல, திரையின் தோற்றமும் திரைபடிப்பானின் குரலும் இந்த ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. மூலத்தில் இல்லாததைக் குரல் சொல்ல இயலாது.

இதனால் விளையும் முதற் கேடு, ஸ்கேன் செய்த அறிவிப்பு ஆகும். முதல்வர் கையொப்பமிட்ட தாளை அலுவலகத்தில் படமாக எடுத்து, பி.டி.எஃப். கோப்பாக்கி ஏற்றிவிடுவது பெரும்பாலான கல்லூரிகளில் வழக்கமாக உள்ளது. கண்ணுடையோருக்கு அது எழுத்து. திரைபடிப்பானுக்கு அது வெறும் படம். அது "படம்" என்று மட்டும் கூறி நிற்கும். சில வேளை அதுவும் கூறாது. இதில் வருந்தத்தக்கது என்னவெனில், அத்தாள் முதலில் கணிப்பொறியிலேயே தட்டச்சிடப்பட்டது. எழுத்தாக இருந்ததை அச்சிட்டு, மீண்டும் படமாக்கி, உழைப்பைச் செலவிட்டுப் படிக்க இயலாததாக்குகின்றனர். கையொப்பமிட்ட நகல் வேண்டுமாயின் இருக்கட்டும். அதே செய்தியைப் பக்கத்திலும் எழுத்தாக இடுதல் வேண்டும்.

இரண்டாவது கேடு நம் மொழிகளுக்கே உரியது. யூனிக்கோடு முறை பரவுவதற்கு முன்னர், தமிழுக்கும் வங்கத்துக்கும் பற்பல எழுத்துருக்கள் தத்தம் விருப்பப்படி அமைக்கப்பட்டன. தமிழ் ஆசிரியர் பலர் பாமினி எழுத்துருவைக் கையாண்டிருப்பர். அதில் 'அம்மா' என்று திரையில் தோன்றும்பொழுது, கணிப்பொறியின் நினைவில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வேடம் பூட்டுகிறது. திரைபடிப்பான் வேடத்தைக் காணாது. எம், கே என்றே உளறும். பழைய வங்க எழுத்துருக்களில் அமைந்த பாடக்குறிப்புகளின் நிலையும் இதுவே. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிக்கோடு முறையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் வினாத்தாள் தயாரிக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் அகன்றபாடில்லை. இத்தகைய கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உள்ளன.

மற்றவை சிறியனவாகத் தோன்றினும் பயன் மிக்கவை. பெரிய தடித்த எழுத்தில் இட்டதனால் மட்டும் ஒரு வரி தலைப்பாகிவிடாது. மூலத்தில் தலைப்பு எனக் குறித்திருந்தால்தான், பார்வையற்றவர் ஒரே விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவ இயலும். இல்லையெனில் நாற்பது வரிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். "இங்கே சொடுக்குக" என்னும் இணைப்பு ஒரு பக்கத்தில் பன்னிரண்டு முறை வருமாயின், இணைப்புகளை மட்டும் தொகுத்துக் கேட்பவர் அதையே பன்னிரண்டு முறை கேட்பார். "இரண்டாம் பருவக் கட்டண விவரம்" என்று எழுதுவதில் என்ன சிரமம்? விண்ணப்பக் கட்டங்களுக்குப் பெயர் இணைக்கப்படாவிடின், தந்தை பெயரை எழுதுவதா, பிறந்த நாளை எழுதுவதா என்பது அவருக்குத் தெரியாது.

பார்வைக் குறைபாடு ஒன்றே குறைபாடன்று. கை நடுக்கமுடையோரால் சுட்டியைக் கையாள இயலாது. விசைப்பலகையையோ, அதற்கு ஈடான தனிப் பொத்தானையோ நம்பியிருப்பர். செவிப்புலன் குறைந்தோருக்கு விரிவுரைக் காட்சியின் கீழ் எழுத்து வேண்டும். மங்கலான பார்வையுடையோர் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிற எழுத்தைக் காணார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிமாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டுமென்று உலகத் தர விதிகள் வரையறுக்கின்றன. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும்.

இவ்வுலக விதிகள் முதன்முதலில் 1999இல் வெளியாயின. இந்திய அரசின் இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, கட்டாயம் வேறு. இவ்வேறுபாட்டையே உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள் ராஜீவ் ரத்தூரி வழக்கில் சுட்டிக்காட்டி, பரிந்துரையாக மட்டும் அமைந்த விதி சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று கூறி, கட்டாயமான தரங்களை வகுக்கும்படி பணித்தது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பொன்றில், மின்னணு வழிச் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும் அது உரைத்தது.

பல கல்லூரித் தளங்களின் உச்சியில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் சிறு பொத்தான்கள் காணப்படுகின்றன. இவற்றைப் பொருத்தியதும் கடமை முடிந்ததாகக் கருதுவோர் உளர். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உலாவியிலேயே உண்டு. பார்வையற்றவரிடம் திரைபடிப்பானும் உண்டு. மூலம் பழுதுற்றிருக்கையில் மேலே ஒட்டிய பொத்தான் அப்பழுதை நீக்காது. பணம் செலவிட்டு வாங்கும் இத்தகைய ஒட்டுவேலைகளைக் காட்டிலும், அறிவிப்பைத் தட்டச்சிடும் எழுத்தருக்கு அரை நாள் பயிற்சி அளிப்பதே மேல்.

தளத்தைச் சோதிப்பதற்கு நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சுட்டியை ஒதுக்கி வைத்து, 'டேப்' விசையை மட்டும் அழுத்தி, முகப்பிலிருந்து சேர்க்கை விண்ணப்பத்தின் இறுதிவரை செல்ல இயலுகிறதா என்று ஆசிரியர் ஒருவர் பார்க்கலாம். விசை இருக்கும் இடம் திரையில் கட்டமிட்டுத் தெரிகிறதா என்பதையும் காணல் வேண்டும். அடுத்து, திரைபடிப்பானை இயக்கித் திரையை அணைத்துவிட்டு, தேர்வு தொடங்கும் நாளைக் கண்டறிய முயலலாம். பழக்கமின்மையால் முதன்முறை தடுமாற்றம் நேரும். ஆகவே தளத்தை நாள்தோறும் கையாளும் மாணவரிடமே இறுதிச் சோதனையை ஒப்படைத்து, அவர் கூறும் குறைகளைக் குறித்துக்கொள்வதே முறை. மனிதர்தாமா என்று அறியக் கோணல் எழுத்துப் படத்தைக் காட்டும் வாயிலும், சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும் விண்ணப்பமும் பெரும்பாலும் அப்பொழுதே வெளிப்படும்.

பழைய ஸ்கேன் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பின், அனைத்தையும் ஒரே நாளில் திருத்த இயலாது. நடப்பாண்டின் சேர்க்கை, கட்டணம், தேர்வு, உதவித்தொகை ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தமிழுக்கும் வங்கத்துக்கும் உண்டு; ஆனால் அது எண்களைத் தவறாகப் படிப்பதுண்டாதலின், தேதியையும் மதிப்பெண்ணையும் மூலத்தாளுடன் ஒப்புநோக்காமல் வெளியிடலாகாது. எஞ்சிய கோப்புகளை வேண்டுவோர் கேட்டவுடன் படித்துச் சொல்லவோ எழுத்தாக அனுப்பவோ பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி, அவருடைய தொலைபேசி எண்ணைத் தளத்தில் வெளியிட வேண்டும். அந்த எண்ணும் படமாக அன்றி, எழுத்தாகவே இருத்தல் வேண்டும்.