வாட்ச்ல 9,000 ஸ்டெப், ஆப்ல பூஜ்யம்: சிங்க் எங்கே அறுபடுது?

இந்த செமஸ்டர்ல எப்படியாவது உடம்பைக் குறைக்கணும்னு கையில் ஒரு ஃபிட்னஸ் வாட்ச், போனில் ஒரு கலோரி ஆப்னு கிளம்பியிருக்கீங்களா? அப்போ இந்தத் தலைவலியும் உங்களுக்குப் பழக்கமா இருக்கும். கிரவுண்டைச் சுத்தி நடந்து வாட்ச்ல 9,000 ஸ்டெப் வந்தாச்சு. ஆப்பைத் திறந்தா அங்கே பூஜ்யம். போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் அசைய மாட்டேங்குது.

எரிச்சலோட விட்டுட்டுப் போற விஷயம் இல்லை இது. அந்த ஆப் காட்டுற எண்ணைப் பார்த்துத்தான் ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி இரண்டா நாலான்னு நிறைய பேர் முடிவு பண்றாங்க. எண் தப்பா இருந்தா காயப்போறது நம்ம வயிறு. அதனால முதலில் சிங்க் எப்படி நடக்குது, எங்கே அறுபடுதுன்னு பார்ப்போம். அப்புறம், சிங்க் ஒழுங்கா நடந்தாலும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்னும் பார்ப்போம். உதாரணத்துக்கு ஃபிட்பிட் வாட்சையும் மைஃபிட்னஸ்பால் ஆப்பையும் எடுத்துக்கலாம். மற்ற ஜோடிகளுக்கும் தத்துவம் கிட்டத்தட்ட இதேதான்.

டேட்டா போகிற பாதை

வாட்சும் கலோரி ஆப்பும் நேரடியா பேசிக்குதுன்னுதான் நாம நினைக்கிறோம். உண்மையில் இடையில் மூணு தாவல் இருக்கு.

முதல் தாவல்: வாட்சிலிருந்து போனில் உள்ள ஃபிட்பிட் ஆப்புக்கு. இது ப்ளூடூத் லோ எனர்ஜி வழியா நடக்குது.

இரண்டாவது தாவல்: ஃபிட்பிட் ஆப்பிலிருந்து ஃபிட்பிட் சர்வருக்கு. இது இன்டர்நெட் வழி.

மூணாவது தாவல்: ஃபிட்பிட் சர்வரிலிருந்து மைஃபிட்னஸ்பால் சர்வருக்கு. இதுக்கும் உங்க போனுக்கும் சம்பந்தமே இல்லை. புது டேட்டா வந்ததும் ஃபிட்பிட் சர்வர் ஒரு அறிவிப்பு அனுப்பும். மைஃபிட்னஸ்பால் சர்வர் வந்து எடுத்துட்டுப் போகும். அப்படி எடுக்க நீங்க முதல் நாள் கொடுத்த அனுமதிதான் ஓஆத் டோக்கன். உங்க பாஸ்வேர்டைக் கேட்காமலே, நீங்க ஒத்துக்கிட்ட டேட்டாவை மட்டும் எடுக்க விடுற ஒரு நுழைவுச்சீட்டு மாதிரி.

சிங்க் ஆகலைன்னா இந்த மூணில் ஏதோ ஒண்ணு அறுந்திருக்கு. எதுன்னு தெரியாம எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்றது, லேபில் சர்க்யூட் வேலை செய்யலைன்னு போர்டையே பிரிச்சுப் போடுற மாதிரி. ஒவ்வொரு பாயிண்டா வோல்டேஜ் பார்க்கிற அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருவோம்.

முதல்ல ஒழுங்கா இணைப்போம்

வாட்சை முதலில் ஃபிட்பிட் ஆப்பில் சேர்த்து, அங்கே ஸ்டெப் சரியா வருதான்னு உறுதி பண்ணிக்கோங்க. பிறகு மைஃபிட்னஸ்பாலில் மோர், ஆப்ஸ் அண்ட் டிவைசஸ், ஃபிட்பிட், கனெக்ட். ஃபிட்பிட் லாகின் பக்கம் திறக்கும். எந்தெந்த டேட்டாவைக் கொடுக்கலாம்னு டிக் பாக்ஸ்கள் வரும். இங்கேதான் பலர் அவசரத்தில் ஒண்ணு ரெண்டை விட்டுட்டு 'அலவ்' அமுக்கிடுறாங்க. உடல் செயல்பாடு பற்றிய அனுமதியை விட்டுட்டா, கனெக்ட் ஆனதா காட்டும், ஆனா ஸ்டெப் வராது.

கடைசியா மோர், ஸ்டெப்ஸ் பகுதிக்குப் போய் ஸ்டெப் எங்கிருந்து வரணும்னு ஃபிட்பிட்டைத் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா ஆப் உங்க போனை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கும். போனை ரூமில் சார்ஜில் போட்டுட்டு கிரவுண்டுக்குப் போனா கணக்கு பூஜ்யம்தான்.

உங்க வாட்ச் வேற கம்பெனியா? ஆப்ஸ் அண்ட் டிவைசஸ் பட்டியலில் அதோட பெயர் இல்லையா? ஆண்ட்ராய்டில் அதுக்கு ஹெல்த் கனெக்ட் இருக்கு. கூகுள் 2022இல் அறிமுகப்படுத்தினது. ஆண்ட்ராய்டு 14 முதல் போனோடவே வருது, அதுக்கு முந்தைய போன்களில் பிளே ஸ்டோரில் எடுத்துக்கணும். இது போனுக்குள்ளேயே இருக்கிற ஒரு பொது லாக்கர். வாட்சோட ஆப் டேட்டாவைக் கொண்டுவந்து வைக்கும், கலோரி ஆப் எடுத்துக்கும். அதனால இரண்டு பக்கமும் அனுமதி வேணும்: வாட்ச் ஆப்புக்கு எழுதும் அனுமதி, கலோரி ஆப்புக்குப் படிக்கும் அனுமதி. ஒரு பக்கம் மட்டும் கொடுத்தா டேட்டா கலோரி ஆப்புக்குப் போய்ச் சேராது. ஐபோனில் இதே வேலையை ஆப்பிள் ஹெல்த் செய்யுது. உங்க வாட்சோட ஆப்பில் இந்த இரண்டுக்கும் டேட்டா அனுப்பும் வசதி இல்லைன்னா, எந்த செட்டிங்ஸைத் தட்டினாலும் பலன் கிடையாது. அடுத்த வாட்ச் வாங்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் பார்த்துட்டு வாங்குங்க.

எங்கே அறுந்தது?

வாட்சில் தெரியற ஸ்டெப்பையும் ஃபிட்பிட் ஆப்பில் தெரியற ஸ்டெப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

ரெண்டும் வேற வேறயா? பிரச்சினை முதல் தாவலில். ப்ளூடூத் ஆனில் இருக்கா பாருங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' அனுமதி வேணும். 11 வரைக்கும் லொகேஷன் அனுமதி இருந்தாத்தான் போன் ப்ளூடூத் கருவிகளைத் தேடும். லொகேஷனை அணைச்சா பேட்டரி மிச்சம்னு அணைச்சு வைக்கிறவங்க மாட்டுறது இங்கேதான். அடுத்து, பேட்டரி சேமிப்பு. நம்ம ஊரில் அதிகம் விற்கிற பல போன்கள் பின்னணியில் ஓடுற ஆப்களை ஈவு இரக்கமில்லாம நிறுத்திடும். ஃபிட்பிட் ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துட்டு, ஆட்டோஸ்டார்ட் இருந்தா ஆன் பண்ணுங்க. பழைய போன், டேப்லெட்னு வேற ஏதாவது அதே வாட்சைப் பிடிச்சு வச்சிருக்கான்னும் பாருங்க.

ரெண்டும் ஒண்ணா இருக்கு, கலோரி ஆப்பில் மட்டும் வரலையா? போனில் இன்டர்நெட் ஒழுங்கா இருக்கான்னு முதலில் பாருங்க. ஹாஸ்டல் வைஃபையில் கனெக்டட்னு காட்டும், ஆனா லாகின் பக்கம் காலாவதியாகி நெட் ஓடாது. மொபைல் டேட்டாவுக்கு மாத்தி ஃபிட்பிட் ஆப்பின் முதல் பக்கத்தைக் கீழே இழுத்து விடுங்க. அப்பவும் வரலைன்னா மூணாவது தாவல், அதாவது டோக்கன். நீங்களோ சர்வரோ அனுமதியை ரத்து பண்ணியிருந்தா டோக்கன் செல்லாது. ஆனா கனெக்டட்னு பச்சை டிக் மட்டும் அப்படியே நிற்கும். மைஃபிட்னஸ்பாலில் டிஸ்கனெக்ட் பண்ணி, திரும்ப கனெக்ட் பண்ணி, டிக் பாக்ஸ் எல்லாத்தையும் நிதானமா பாருங்க. இணைச்ச நாளுக்கு முந்தைய டேட்டா தானா வந்து சேரும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்டெப் வருது, ஆனா ராத்திரி நடந்தது மறுநாள் கணக்கில் போகுதா? நேர மண்டலத்தைப் பாருங்க. நாம இருக்கிறது 5:30 மணி நேரம் முன்னாடி. ஒரு கணக்கில் இந்திய நேரமும் இன்னொண்ணில் வேற நாட்டு நேரமும் இருந்தா, இரண்டு ஆப்புக்கும் நாள் மாறும் நேரம் வேற வேற ஆயிடும். இரண்டிலும் கொல்கத்தா நேரத்தையே வையுங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எடுத்த எடுப்பிலேயே வாட்சை ரீசெட் பண்ணாதீங்க, ஆப்பிலிருந்து நீக்காதீங்க. சிங்க் ஆகாத டேட்டா வாட்சுக்குள்ளேதான் இருக்கு. பெரும்பாலான ஃபிட்பிட்கள் நிமிட வாரியான விவரத்தை 7 நாள் வரை வச்சிருக்கும். பொறுமையா சரிபண்ணினா எல்லாம் வந்து சேரும். ரீசெட் பண்ணினா போனது போனதுதான்.

சிங்க் ஆகுது, ஆனா கணக்கு உதைக்குதே?

இப்போ ஸ்டெப் வந்தாச்சு. அடுத்த குழப்பம், 'கலோரி அட்ஜஸ்ட்மென்ட்' என்கிற ஒரு வரி. காலையில் மைனஸ், சாயங்காலம் பிளஸ், ராத்திரி திரும்பக் குறையுது. ஆப் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம். பின்னால் ஒரு எளிய கணக்கு ஓடுது.

20 வயது, 68 கிலோ, 172 செ.மீ. உள்ள ஒரு மாணவரை எடுத்துக்குவோம். 1990இல் வெளிவந்த மிஃப்லின் - செயின்ட் ஜியார் சமன்பாட்டின்படி, ஆண்களுக்கு: எடை × 10, கூட்டல் உயரம் × 6.25, கழித்தல் வயது × 5, கூட்டல் 5. பெண்களுக்கு கடைசியில் 5ஐக் கூட்டுறதுக்குப் பதிலா 161ஐக் கழிக்கணும். நம்ம மாணவருக்கு 680 + 1075 − 100 + 5 = 1660 கலோரி. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிக்கிறது இது. நாள் முழுக்க கிளாஸில் உட்கார்ந்திருக்கிறார்னு 1.2ஆல் பெருக்கினா 1992. ஆப் இதை 24 மணி நேரத்துக்கும் சமமா பிரிக்குது: மணிக்கு 83.

வாட்ச் அப்படிப் பிரிக்காது. தூங்கும்போது மணிக்கு 69 (1660ஐ 24ஆல் வகுத்தது), நடக்கும்போது அதிகம்னு போடும். ஆப் எடுக்கிற வித்தியாசம் இதுதான்: இதுவரை வாட்ச் சொன்னது, கூட்டல் மீதி நேரத்துக்குத் தன் கணக்கு, கழித்தல் 1992.

காலை 7 மணி: வாட்ச் சொல்றது 484. மீதி 17 மணி நேரம் × 83 = 1411. மொத்தம் 1895. அட்ஜஸ்ட்மென்ட் மைனஸ் 97. அவர் செய்த ஒரே தப்பு தூங்கினது!

மாலை 6 மணி, கிரவுண்டிலிருந்து வந்ததும்: வாட்ச் சொல்றது 1720னு வைப்போம். மீதி 6 மணி நேரம் × 83 = 498. மொத்தம் 2218. அட்ஜஸ்ட்மென்ட் பிளஸ் 226.

அதுக்கப்புறம் நள்ளிரவு வரை படுத்தே கிடந்தா பிளஸ் 226 கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 143 பக்கம் வந்து நிற்கும். ஆப் எதையும் திருடலை. மணிக்கு 83னு முன்கூட்டியே போட்டதை 69ஆத் திருத்திக்கிச்சு, அவ்வளவுதான்.

இப்போ சிங்க் அறுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. காலை 7 மணிக்கு மேல டேட்டா வரலைன்னா, நீங்க எவ்வளவு ஓடினாலும் ஆப் அந்த மைனஸ் 97லேயே நிற்கும். அதை நம்பி ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சா, ஒரு செட்டிங்ஸ் கோளாறுக்காக நீங்க பட்டினி கிடக்கிறீங்கன்னு அர்த்தம். மைனஸ் அட்ஜஸ்ட்மென்ட்டை அணைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கு. சிங்க் நம்பகமா நடக்கிற வரைக்கும் அணைச்சே வையுங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கும். வாட்ச் ஏற்கெனவே எண்ணின நடையை, டைரியில் 'வாக்கிங் 40 நிமிடம்'னு நேரம் போடாம கையாலும் சேர்த்தா இரண்டு முறை கணக்காகிடும். ஹெல்த் கனெக்டில் போனும் வாட்சும் ரெண்டுமே ஸ்டெப் எழுதினாலும் இந்தச் சிக்கல் வரலாம். அங்கே முன்னுரிமைப் பட்டியலில் வாட்சை முதலில் வையுங்க.

இவ்வளவும் சரியானா, எண்ணை நம்பலாமா?

சிங்க் என்பது எண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோறது மட்டும்தான். எண் சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 வாட்ச்களை 60 பேர் கையில் கட்டிச் சோதிச்சாங்க. இதயத்துடிப்பில் 6 வாட்ச்கள் 5 சதவீதத்துக்குள் பிழையோட தேறிடுச்சு. கலோரியில் ஒண்ணுகூடத் தேறலை. இருந்ததிலேயே நல்லதுக்கு சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதுக்கு 93. வாட்ச்கள் அதுக்கப்புறம் மாறியிருக்கு. ஆனா அடிப்படைச் சிக்கல் மாறலை: வாட்ச் கலோரியை அளக்கிறதில்லை, கை அசைவையும் துடிப்பையும் வச்சு ஊகிக்குது.

சாப்பாட்டுப் பக்கமும் இதே கதைதான். 'சாம்பார் சாதம் ஒரு கப்'னு ஆப்பில் தேடினா, யார் யாரோ பதிவு பண்ணின பல எண்கள் வரும். மெஸ் அண்ணா ஊத்தின எண்ணெய் எதுலேயும் இல்லை.

அதனால அட்ஜஸ்ட்மென்ட்டை ஒரு தோராயக் குறிப்பா மட்டும் எடுத்துக்கோங்க. ஒரே நாளோட எண்ணை விட்டுட்டு, வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பாருங்க. நாலைந்து வாரப் போக்கு என்ன சொல்லுதோ அதுதான் உங்க உடம்போட உண்மையான அட்ஜஸ்ட்மென்ட். பசி எடுத்தா சாப்பிடுங்க. பசிக்கு ஆப்போட அனுமதி தேவையில்லை.

இன்னொண்ணு. பட்டை சிவப்பாகிறதைப் பார்த்துப் பதற்றம், சாப்பிட்டுட்டோமேன்னு குற்ற உணர்ச்சி, வேணும்னே சாப்பாட்டைத் தவிர்க்கிறது இதெல்லாம் உங்களுக்கோ ரூம்மேட்டுக்கோ நடந்தா, அது சிங்க் பிரச்சினை இல்லை. ஆப்பை எடுத்துட்டு ஒரு டாக்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ பேசுங்க. அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வாட்ச், வாட்சோட ஆப், கலோரி ஆப், மூணிலும் ஸ்டெப் எண்ணிக்கையைப் பாருங்க. எங்கே மாறுதோ அந்தத் தாவலை மட்டும் சரிபண்ணுங்க. சரியாகலைன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம். மெஸ் மூடுறதுக்குள்ள முதல்ல சாப்பிட்டுட்டு வந்துடுங்க!