காடறிந்தோரும் நூலறிந்தோரும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் பாணன் ஒருவனுடைய வறிய இல்லம் காட்டப்படுகின்றது. அட்டில் பொலிவிழந்து கிடக்கின்றது. பழஞ்சுவரைக் கறையான் கூட்டம் அரித்துவிட்டது. அரித்து உதிர்ந்த அப்புழுதியில் உள்துளையுடைய காளான் பூத்திருக்கின்றது. நல்லூர் நத்தத்தனார் வறுமையைக் காட்டுதற்கே இக்காட்சியை அமைத்தார். ஆயினும், கறையானையும் காளானையும் ஒருங்கு வைத்துக் கண்ட அவர்தம் கூர்ந்த நோக்கு வியத்தற்குரியது.

நம் நாட்டுச் சிற்றூர்களில் காளான் பறிக்கச் செல்வோரைப் பாருங்கள். இடி இடித்து நல்ல மழை பெய்தது என்றால், மறுநாள் விடியுமுன் அவர்கள் புறப்பட்டுவிடுவர். சென்ற ஆண்டு எந்தப் புற்றருகே காளான் கண்டதோ அதனையே முதலில் நாடுவர். குடை விரியாத மொட்டுக்கே சுவை மிகுதி என்பர். மண்ணை மெல்ல அகழ்ந்து எடுப்பர். ஏனெனில் புற்றுக் காளானின் தண்டு வேர்போல் நீண்டு நிலத்துள் இறங்கியிருக்கும். அவ்வேர் புற்றினின்று வருவது என்பது அவர்கள் அறிந்த செய்தி. ஏன் வருகின்றது என்பது நூலறிந்தோர் பின்னர் விளக்கிய செய்தி.

அவ்விளக்கத்தின் தொடக்கம் நம் தஞ்சையிலேயே அமைந்தது. லின்னேயசின் மாணாக்கரும், தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான கோனிக் என்பார், தஞ்சாவூர்ப் பகுதிக் கறையான் புற்றுகளை அகழ்ந்து ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1779 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். புற்றினுள் வளரும் பூஞ்சையைப் பற்றியும் அதில் எழுதினார். இக்காளான் இனத்திற்கு 'டெர்மிட்டோமைசிஸ்', அதாவது கறையான் காளான், என்று பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் பெயரிட்டது 1942 ஆம் ஆண்டில் ஆகும்.

கறையான் ஒரு தேர்ந்த உழவன். சருகையும் மரத்தூளையும் தின்று, அவை முற்றும் செரியாத நிலையில் வெளிப்படுத்தி, அதனைக்கொண்டு கடற்பஞ்சு போன்ற அடைகளைப் புற்றினுள் கட்டுகின்றது. அவ்வடைகளில் பூஞ்சை இழைகள் படர்கின்றன. கறையானால் செரிக்கவொண்ணாத மரத்தின் வன்பகுதியைப் பூஞ்சை சிதைத்து மென்மையாக்குகின்றது. பின்பு அடையையும், அதன்மேல் தோன்றும் வெள்ளிய சிறு மணிகளையும் கறையான் உண்கின்றது. இவ்வேளாண்மை ஆப்பிரிக்கக் காடுகளில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கியது என்பர். மனிதன் ஏர் பிடித்ததோ நேற்று! மழை ஈரம் உள்ளே இறங்கும் காலத்தில் அப்பூஞ்சை மேல்நோக்கி விடும் தண்டும் குடையுமே நாம் காணும் காளான். வைக்கோற் காளானையும் சிப்பிக் காளானையும் வீட்டிலேயே வளர்க்கின்றோம்; புற்றுக் காளானுக்கோ கறையானின் துணை வேண்டும்.

ஆப்பிரிக்காவில் உள்ள சாம்பியா நாட்டில் இவ்வினத்துள் மிகப் பெரியது விளைகின்றது. அதன் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். மழைக்காலத்தில் சாலையோரத்தில் வைத்து அதனை விற்பர். இத்துணைப் பெரிய காளானுக்கு அறிவியல் நூல்களில் பெயர் கிடைத்தது 1980 ஆம் ஆண்டில்தான். அந்நாட்டு மக்களோ அதனை வழிவழியாகச் சமைத்து உண்டு வந்தவர்கள்.

இதனால், நூலறிவு வேண்டா, ஊரறிவே போதும் என்று கொள்ளலாமோ? ஆகாது. ஊரறிவு தான் பிறந்த நிலத்திற்கு உரியது. நிலம் மாறினால் தவறும். ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து நட்ட ஓக் மரங்களின் அடியில் 'மரணத் தொப்பி' என்னும் நச்சுக் காளான் முளைக்கின்றது. இளம் பருவத்தில் அது ஆசிய நாட்டு வைக்கோற் காளானை ஒத்திருக்கும். இரண்டின் அடியிலும் கிண்ணம் போன்ற உறை உண்டு. அதனை வைக்கோற் காளான் என்று கருதிச் சமைத்து உண்டமையால், 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு இருவர் உயிரிழந்தனர். இந்நஞ்சு நெருப்பால் அழியாது. உண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றும். இடையில் நோய் நீங்கியதுபோல் காட்டி, பின் கல்லீரலை அழிக்கும். குடையினின்று உதிரும் நுண்ணிய வித்துத்துகள் மரணத் தொப்பிக்கு வெண்மை, வைக்கோற் காளானுக்கு இளஞ்சிவப்பு என்னும் வேற்றுமை பறிக்கும்போது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பிறந்த நிலத்திலும் ஊரறிவு தவறியதுண்டு. சீன நாட்டின் யுன்னான் மாநிலத்து மலையூர்களில், 1970 களின் பிற்பகுதியிலிருந்து மழைக்காலந்தோறும் மக்கள் திடீரென்று மாண்டனர். நலமுடன் இருந்தவர் நெஞ்சத் துடிப்பு நின்று வீழ்வார். சில வேளை ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் இறப்பர். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 400 பேர் மாண்டதாகக் கணக்கிட்டனர். காரணம் புலப்படாமையால் ஊர்களை அச்சம் சூழ்ந்தது. நோய்த்தடுப்பு ஆய்வாளர்கள் அங்கே சென்று ஆராய்ந்தபோது, சாவுகள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும், 1,800 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள ஊர்களிலும் நேர்ந்தமை தெரிந்தது. அது காளான் பறிக்கும் பருவம். அவர்கள் வீடுவீடாகச் சென்று, இறந்தவர் என்ன உண்டார், எங்கே பறித்தார் என்று வினவினர். காளான் பறித்து வாழ்வோர் விலைபோகும் காளான்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விலைபோகாத சிறிய வெண்காளான் ஒன்றைத் தம் அடுக்களைக்கு வைத்துக்கொண்டனர் என்பது அப்பொழுது தெரியவந்தது. விற்பனைக்கு வாராமையால் அதனை ஆராய்வார் இலர். அறிவியல் நூல்களிலும் அதற்குப் பெயர் இல்லை. அதனை உண்ணலாகாது என்று ஊர்தோறும் அறிவித்த பின் சாவுகள் மிகக் குறைந்தன. 2012 ஆம் ஆண்டில் 'டிரோகியா வெனினேட்டா' எனப் பெயரிட்டு, அதிலுள்ள நச்சுப் பொருள்களையும் வெளியிட்டனர். ஊரார் வாய் திறந்து சொல்லாதிருந்தால் ஆய்வுக்கூடத்தார் எக்காளானை ஆராய்வர்? அவர்கள் ஆராயாதிருந்தால் ஊரார் எதனை விலக்குவர்?

நம்மிடையேயும் சில பொய்ச் சோதனைகள் வழங்குகின்றன. வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பர். பூச்சி அரித்த காளான் தீங்கற்றது என்பர். இவை இரண்டும் பிழை. மரணத் தொப்பியோடு வெந்த வெள்ளி கறுப்பதில்லை. பூச்சிக்கு நஞ்சாகாதது நமக்கு நஞ்சாதலும் கூடும். புற்றுக் காளானின் வேரைப் பார்த்து அறிதல் அத்தகையதன்று; அதற்கு மெய்யான காரணம் உண்டு. மழைக்காலத்துப் புல்வெளிகளில் பழுப்புச் செதில்களோடு கூடிய பெரிய வெண்குடைக் காளான் ஒன்று முளைக்கும். உண்டாரை வாந்தியாலும் பேதியாலும் வருத்தும் அதற்குப் புற்றில் இறங்கும் வேர் இல்லை. அதன் குடையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து, ஓர் இரவு மூடிவைத்தால், தாளில் பசுமை படிந்த துகள் விழும். புற்றுக் காளானின் துகளோ மங்கிய இளஞ்சிவப்பு. மாணவர்களே, பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில் இதனைச் செய்து பாருங்கள்; ஆனால் இதை மட்டும் நம்பி எதனையும் உண்ணத் துணியாதீர்கள்.

ஆதலின், காளான் ஆராய்வோர் பறிப்போருடன் காட்டிற்குச் செல்லுதல் இக்காலத்து வழக்காகிவிட்டது. கண்ட நாள், இடத்தின் உயரம், அருகில் நின்ற மரம், மண்ணின் இயல்பு, சமைக்கும் முறை ஆகியவற்றோடு, ஊரார் இட்ட பெயரையும் அவர் சொன்னபடியே ஒரு சீட்டில் எழுதுகின்றனர். ஒரே பெயரை இரண்டு மலையூரார் இரண்டு காளானுக்கு வழங்குதலும் உண்டு. ஆகவே காளானையும் உலர்த்தி, அச்சீட்டை அதனோடு பிணைத்து, காப்பகத்தில் வைக்கின்றனர்.