கண்ணாடி இழைக் கம்பியும் அமுக்கச் சோதனையும்

காங்கிரீட் கட்டடங்களில் உருக்குக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கம்பி இன்று இடம்பெற்று வருகிறது. நெசவுக் கூடமோ விளைபொருள் கிட்டங்கியோ எழுப்ப எண்ணும் சங்கங்கள் இதன் குணத்தை அறிந்திருத்தல் நலம்.

மெல்லிய கண்ணாடி இழைகள் பலவற்றை ஒரே திசையில் சேர்த்துப் பிசினில் தோய்த்து, சூடேற்றிய அச்சின் வழியே இழுத்து இறுகச் செய்வதே இக்கம்பி. உருக்கின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கே இதன் எடை. கடற்கரை உப்புக் காற்றிலும் துருப் பிடிப்பதில்லை. இழுவையில் சாதாரண உருக்கினும் மிகுந்த பாரம் தாங்கும்.

ஆயின், தூணில் உள்ள கம்பி இழுக்கப்படுவதைவிட அமுக்கப்படுவதே மிகுதி. பாவு நூல் இழுவையைத் தாங்கும். இரு முனைகளையும் பிடித்து நெருக்கினால் மடிந்துவிடும். கஞ்சியேற்றினால் சற்றே விறைத்து நிற்கும். இக்கம்பியில் பிசின் அக்கஞ்சியைப் போன்றது. பாரம் மிகும்போது பிசினின் பிடி தளர, இழைகள் நுட்பமாக வளைந்து முறிகின்றன.

அமுக்கிச் சோதிப்பதும் எளிதன்று. துண்டு நீளமாயின் வளைந்துவிடும்; குட்டையாயின் முனைகள் துடைப்பம்போல் விரிந்து பிளக்கும். ஆதலால் இரு முனைகளையும் உருக்குக் குழல்களில் காறையிட்டுப் பதித்து, நடுவே குறுகிய நீளத்தை மட்டும் வெளியே விடுவர். அதனை எந்திரத்தில் சிறிதும் சாயாது நிறுத்திப் படிப்படியாகப் பாரம் ஏற்றுவர். முறிந்தபோது இருந்த பாரத்தைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் அமுக்க வலிமை கிடைக்கும்.

அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தார் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், இவ்வலிமை இழு வலிமையில் ஏறக்குறையப் பாதியே எனக் கண்டனர். அமெரிக்கக் காங்கிரீட் கழகம் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டியில், அமுக்கம் தாங்கும் கம்பியாக இதனைப் பரிந்துரைக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு விதிகளில் தூண்களுக்கு அனுமதித்தது; எனினும் அமுக்கத்தில் கம்பிக்கெனத் தனி வலிமையைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

ஆகவே, சங்க நிர்வாகிகள் இழுவைச் சோதனைச் சான்றிதழை மட்டும் கண்டு திருப்தியடையலாகாது. அமுக்கச் சோதனை எம்முறையில் நடந்தது, முறிந்தது கம்பியின் நடுவிலா முனையிலா என்று கேட்டறிய வேண்டும். உருக்குக்கு வகுத்த வரைபடத்தில் கம்பியை மட்டும் மாற்றுவதும் தகாது. பொறியாளரிடம் தூணைப் புதிதாகக் கணக்கிடச் செய்ய வேண்டும். அங்கத்தினரின் பங்குப் பணத்தில் எழும் கட்டடத்திற்கு இவ்வளவு கவனம் அவசியமே.