பழைய யுத்த ஜீப்புக்கு ஜப்பான் எஞ்சின்: மலிவானது எஞ்சின் மட்டுமே

இரண்டாம் உலக யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பொன்று கைக்கு வந்துவிட்டால், அதனை வாங்கியவர் அடுத்ததாகப் போகும் இடம் பெரும்பாலும் பஞ்சிகாவத்தைதான். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் அங்கு வருபவர்கள் கேட்பதும் ஒன்றே: "ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைக் கியர் பொக்ஸோடு சேர்த்துப் போட்டால் என்ன செலவாகும்?" கடைக்காரர் சொல்வது எஞ்சினின் விலையை. கேட்பவரோ அதுதான் மொத்தச் செலவு என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். சிக்கல் இங்குதான் ஆரம்பமாகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஓடாமல் கிடந்த பழைய வாகனங்களுக்கும் கிராக்கி ஏற்பட்டது. ஆகையினால் இத்தகைய மாற்றங்கள் செய்யப்பட்ட ஜீப்கள் இன்று சந்தையில் கைமாறுகின்றன. செய்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் விடயத்தை அறிந்திருப்பது நல்லது.

வில்லிஸ் எம்பி ஜீப்பின் அசல் எஞ்சின் 2.2 லீட்டர் பெற்றோல் எஞ்சின். வலு 60 குதிரைத்திறன். அதன் கியர் பொக்ஸில் மூன்று முன் கியர்களே உண்டு. இன்று பலரும் நாடும் மாற்று எஞ்சின்களில் ஒன்று, எல்ஃப் லொறிகளில் வந்த இசுசு 4ஜேபி1 என்ற 2.8 லீட்டர் டீசல் எஞ்சின். டீசலுக்கு மாறினால் எரிபொருள் மிச்சம், உதிரிப்பாகம் இலகுவில் கிடைக்கும் என்பன உண்மையே.

ஆனால் பழைய கியர் பொக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு டீசல் எஞ்சினை மாத்திரம் பொருத்துவது புத்திசாலித்தனமல்ல. ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, ப்ரொப்பலர் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து முறை சுற்ற வேண்டும். அசல் அளவு டயருடன் மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால், மேல் கியரிலும் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2,900 தடவை சுற்றும். டீசல் எஞ்சினுக்கு இது ஓயாத இரைச்சல். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 ஆக இருந்தால் அதே வேகத்தில் சுற்று 2,300 ஆகக் குறையும். ஐந்து கியர் பொக்ஸையும் சேர்த்து வாங்கச் சொல்வதன் காரணம் இதுவே.

ஐந்து கியர் பொக்ஸ் வந்தவுடன் வேறு மூன்று செலவுகள் கூடவே வந்துவிடுகின்றன. முதலாவது, இடம். ஜீப்பின் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 80 அங்குலம் மட்டுமே. நீண்ட கியர் பொக்ஸ் உள்ளே போனால் பின்பக்க ப்ரொப்பலர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்க வேண்டும். குறுகிய ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து நின்றால் வண்டி அதிரும், கிராஸ் சீக்கிரம் தேயும். அத்துடன் லொறி கியர் பொக்ஸின் வெளியீடு நேர் பின்னால் இருக்க, ஜீப்பின் அச்சுகளுக்குப் போகும் வழியோ வலப்பக்கம் ஒதுங்கியுள்ளது. பழைய ட்ரான்ஸ்பர் பொக்ஸை இதனுடன் இணைக்க லேத்தில் தனியாகத் தட்டும் ஷாஃப்டும் கடைய வேண்டும். நூலிழை பிசகினாலும் பெயாரிங் தாங்காது. நல்ல லேத் பாஸ் ஒருவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுவது நட்டமான வியாபாரம்.

இரண்டாவது, அச்சு. பழைய எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீற்றர். முதல் கியர் அதனை 2.67 மடங்காக்கியது. புதியது 175 அளவில் தருகிறது; அதன் முதல் கியர் 4 மடங்கு என்று வைத்துக்கொண்டால், அச்சுக்குப் போகும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சேற்றில் புதைந்த வண்டியை வேகமாக இழுக்கும்போது பின்பக்க ஷாஃப்ட் முறிவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, பிரேக். நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல ட்ரம், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொகுதி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எம்பி ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால் இருக்கிறது. இதனைக் கழற்றி வேறு ட்ரான்ஸ்பர் பொக்ஸ் போட்டவர்களின் வண்டிக்குக் கைப்பிரேக்கே இல்லாமல் போகும். காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகவேண்டிய வாகனத்திற்கு, எஞ்சினுக்கு முன்னரே பிரேக்கைச் சீர்செய்வதுதான் முறை.

இவற்றோடு 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்டுக்கு மாற்றுவதும், பெரிய ரேடியேட்டரும் உண்டு. அவை பெரிய செலவல்ல.

இனி ஆவணங்கள். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறுவதால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் திருத்தம் வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதில் அதன் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பிறகு அலைவதில் பயனில்லை. 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையில் தேய்ந்துபோன டீசல் எஞ்சின் தேறுவதும் கடினம். பதிவில் ஒரு இலக்கமும் வண்டியில் வேறு இலக்கமும் இருந்தால், விபத்தொன்றின் போது காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்ப இடமுண்டு.

எமது அபிப்பிராயம் இதுதான். அசல் எஞ்சினும் கியர் பொக்ஸும் திருத்தக்கூடிய நிலையில் இருந்தால் அந்த ஜீப்பில் கைவைக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அந்த அசலுக்கே. எஞ்சின் ஏற்கெனவே போய்விட்ட வண்டியென்றால் தாராளமாக மாற்றலாம், ஆனால் சட்டகத்தை வெட்டாமல் போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். மாற்றம் செய்யப்பட்ட ஜீப்பை வாங்குபவராயின், டோர்ச் ஒன்றை எடுத்துச் சென்று எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஏற்றமொன்றில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்த பின்னரே முற்பணத்தைக் கொடுங்கள்.