கொட்டத் தெரியாத குட்டித் தேனீ!

தேனீ என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? முதலில் தேன். அடுத்து, 'ஐயோ, கொட்டுமே!' என்ற பயம். ஆனால், கொட்டத் தெரியாத தேனீயும் உண்டு. அதன் நீளம் 3 முதல் 4 மில்லி மீட்டர்தான். ஓர் எறும்பு அளவு! அதைக் கொசுத்தேனீ என்பார்கள்.

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் பழைய மண் சுவர் ஒன்று இருக்கிறது. அதன் விரிசலிலிருந்து கறுப்பாக ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கொசுத்தேனீ வீட்டு வாசல். உடலில் சுரக்கும் மெழுகையும், மரங்களில் சேகரித்த பிசினையும் கலந்து இதைக் கட்டுகின்றன. வாசலில் எப்போதும் காவல்காரர்கள் நிற்பார்கள். எறும்பு நுழைய வந்தால், பிசினைப் பூசி ஒட்ட வைத்துவிடுவார்கள்!

இவற்றுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் அது மிகச் சிறுத்துப் போனதால் கொட்ட உதவாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் கடிக்கும், அவ்வளவுதான். மற்ற தேனீக்களைப் போல அறுகோண அறைகளில் தேனைச் சேர்ப்பதில்லை. குட்டிக் குட்டி மெழுகுப் பானைகள் செய்து, அவற்றில் சேமிக்கும்.

எல்லாருக்கும் ஒரே பெயரா?

1854-ஆம் ஆண்டு, ஃபிரெடரிக் ஸ்மித் என்ற இங்கிலாந்து அறிஞர், இலங்கையிலிருந்து கிடைத்த கொசுத்தேனீ ஒன்றுக்கு 'இரிடிபென்னிஸ்' என்று பெயர் வைத்தார். 'வானவில் நிற இறக்கை' என்று பொருள். அதன் பிறகு, நம் நாட்டில் எந்தக் கொசுத்தேனீயைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே பெயரைச் சொல்லி வந்தார்கள். வகுப்பில் இருக்கும் நாற்பது பேரையும் 'முருகா' என்றே கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

அவை எல்லாம் ஒன்றுதானா? கேரள ஆய்வாளர்களான ஷானாஸ், ஃபசீஹ் இருவரும் உற்று நோக்கினார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உடல் நிறம், ரோமங்கள், இறக்கை என ஒவ்வொன்றிலும் நுட்பமான வேறுபாடுகள் தெரியும். 2019-இல் 'என்டோமான்' என்ற ஆய்விதழில் சில புதிய இனங்களை அவர்கள் அறிவித்தார்கள்.

ஒன்றின் பெயர் 'திராவன்கோரிகா'. திருவிதாங்கூரின் பெயர் அதில் இருக்கிறது. இன்னொன்று 'பெர்லூசிபின்னே', கண்ணாடி போன்ற இறக்கை என்று பொருள். மற்றொன்று 'கலோஃபில்லே'. புன்னை மரத்தின் அறிவியல் பெயர் 'கலோஃபில்லம்' என்பதைக் கவனித்தீர்களா?

புதிய இனம் என்றால் அவை 2019-இல் பிறந்தவை அல்ல. எத்தனையோ காலமாக நம் அருகிலேயே பறந்தவைதான். நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை!

நான் செய்த தவறு

ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியராக இருந்தபோது, வகுப்பறைச் சுவரில் இதே போல ஒரு குழாய் இருந்தது. 'ஏதோ பூச்சி, பிள்ளைகளைக் கடித்துவிடும்' என்று நினைத்து, சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டேன். இரை தேடப் போன தேனீக்கள் மாலை வரை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு மாணவி, 'ஐயா, அதுங்க வீடு எங்கன்னு தேடுதுங்க' என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சுவரில் இருந்தது எந்த இனம்? இனி யாராலும் சொல்ல முடியாது.

போன மாதம் எங்கள் மண் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. 'கொத்தனாரே, அந்த ஓட்டையை மட்டும் விட்டுவிடுங்கள்' என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும், குழாயைச் சுற்றி அழகாகப் பூசிக் கொடுத்தார். இப்போதும் காலையில் வெயில் ஏறியதும் தேனீக்கள் புறப்படுகின்றன. பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்து, காய் பிடிக்க உதவுகின்றன.

உங்கள் வீட்டு மண் சுவரிலோ, மரப் பொந்திலோ இப்படிக் குழாய் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். இருந்தால் குச்சி விட்டுக் குத்தாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்ற விடாதீர்கள். தள்ளி நின்று பார்த்து, நேரத்தையும் அருகில் பூத்திருக்கும் பூக்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை! கல்வராயன் மலைப் பக்கம் போகும்போது பாறையிலும் பெரிய மரத்திலும் தொங்கும் மலைத்தேனீக் கூட்டை நெருங்கவே கூடாது. அவை கூட்டமாக வந்து கொட்டும்.

கல்வராயன் மலையில் இன்னும் பெயர் வைக்கப்படாத தேனீ இருக்காது என்று யார் சொல்ல முடியும்? அதற்குப் பெயர் வைக்கப்போவது உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம். அதுவரை அதன் வீட்டை அடைக்காமல் இருப்போமா?