அறுபது ஓம் சொல்லும் செய்தி

ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்றில், ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பலகையில் திடீரென்று நான்கு எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன. என்ஜினில் கோளாறு என்கிறது ஒன்று; பிரேக்கில் கோளாறு என்கிறது மற்றொன்று; ஸ்டியரிங் கனக்கிறது; வேகமானியின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இத்தனை உறுப்புகளும் ஒரே நொடியில் கெட்டுப்போகுமா? போகாது அல்லவா? அப்படியானால், இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் பழுது இருக்கவேண்டும்.

அந்தப் பொதுப் பொருள் இரண்டு மெல்லிய கம்பிகள்!

இக்காலக் கார்களில் என்ஜினுக்கு ஒரு சிறு கணிப்பொறி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று பல உண்டு. சக்கரம் சுழலும் வேகம் பிரேக் கணிப்பொறிக்குத் தெரியும். அதை வேகமானிக்கும் என்ஜினுக்கும் சொல்லியாகவேண்டும். செய்திக்கு ஒரு கம்பி என்று போட்டுக்கொண்டே போனால் கார் முழுதும் கம்பிக் கட்டாகிவிடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 1983-இல் இதற்கு வழி தேடத் தொடங்கி, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தம் முறையை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'கேன்' (தண்ணீர்க் கேன் அல்ல!). எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே ஜோடிக் கம்பியில் இணைக்கப்படும். ஒன்று பேசினால் மற்றவை எல்லாம் கேட்கும்.

பேசாத நேரத்தில் இரு கம்பிகளிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி அனுப்பும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்கும் கணிப்பொறி இவற்றின் வித்தியாசத்தை மட்டுமே கவனிக்கிறது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட கம்பிகள். என்ஜினின் மின்பொறி இரைச்சல் தாக்கினால் இரண்டையும் ஏறக்குறைய சமமாகவே தாக்கும். அரை வோல்ட் கூடினால் 4, 2 என்று ஆகும். வித்தியாசம் அதே 2 வோல்ட்தான்!

குளத்து அலை கரையில் மோதித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். மின் துடிப்பும் கம்பியின் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் செய்தியைக் குழப்பும். அதைத் தடுக்க இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு மின்தடைகள்தாம் பழுது பார்ப்பவருக்குக் கைகொடுக்கின்றன.

பள்ளியில் படித்த பக்க இணைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 120 ஓம் இரண்டு பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 60 ஓம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனை இணைப்பானின் 6, 14 எண் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் பல கார்களில் இந்த 60 தெரியும். (சில கார்களில் இடையே வேறொரு கருவி நிற்பதால் தெரியாது, அவற்றில் வேறு இடத்தில் அளக்கவேண்டும்.)

120 காட்டினால்? ஒரு மின்தடையின் தொடர்பு அறுந்திருக்கிறது. கம்பி எங்கோ துண்டாகியிருக்கலாம். எலி கடித்திருந்தாலும் வியப்பில்லை. சோதனைக் கருவியை இணைத்து, எந்தக் கணிப்பொறிகள் பதில் சொல்கின்றன, எவை மௌனமாக இருக்கின்றன என்று பார்த்து, கம்பிப் படத்தோடு ஒப்பிட்டால் அறுந்த இடம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. அப்போது மீட்டரைப் பார்த்தபடியே கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். எதைக் கழற்றியதும் எண் சட்டென்று ஏறுகிறதோ அதிலோ, அதன் கிளைக் கம்பியிலோ குற்றம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் பூஜ்யமே நின்றால், பழுது முதன்மைக் கம்பியிலேயே உள்ளது.

சரியாக 60 காட்டியும் கோளாறு தீரவில்லை என்றால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோதனைக் கருவியில் 'யு0121' என்ற குறி வருகிறது. பிரேக் கணிப்பொறியோடு தொடர்பு இல்லை என்பது அதன் பொருள். உடனே, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய கணிப்பொறி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது! அந்தக் குறியை நன்றாகப் படித்துப் பாருங்கள். 'அவனிடமிருந்து குரல் வரவில்லை' என்று மற்றவர்கள் சொல்லும் புகார்தான் அது. அவன் நோயாளி என்று யாரும் சொல்லவில்லை. பட்டினியாகக்கூட இருக்கலாம்! ஃபியூஸ் போயிருந்தாலோ, காரின் உடலோடு சேரும் எர்த் கம்பியில் துரு ஏறியிருந்தாலோ, அந்தக் கணிப்பொறிக்கு மின்சாரமே சேராது. உப்புத் தாளால் துருவைத் தேய்த்து, போல்ட்டை முறுக்கினால் பேசத் தொடங்கிவிடும். புதிதாக எதையும் வாங்குமுன் அந்த இடத்தில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்க்காமல் மாற்றுவது வைத்தியம் அல்ல, சூதாட்டம்.

அறுந்த கம்பியைப் பற்றவைத்த பிறகு, முன்பு இருந்ததுபோலவே முறுக்கிவிடவேண்டும். நீளமாக முறுக்கின்றி விட்டால் இரைச்சல் அந்த இடத்தில் இரு கம்பிகளையும் சமமாகத் தாக்காது. பிறகு பழைய குறிகளை அழித்துவிட்டு, மேடுபள்ளமான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவந்து மறுபடியும் சோதிப்பார்கள். தளர்ந்த இணைப்பு ஏதேனும் மிச்சமிருந்தால் அந்தக் குலுக்கலில் வெளிப்பட்டுவிடும்.